சுவரில் சேலையோடு தாண்டுகிறவள்

அபிக்கு,

"வியாழக்கிழமை நான் என்னம்மா செய்ய?" என்று நீ கேட்டு நாளாகிவிட்டது. நான் படித்துவிட்டேன் என்பது உனக்கும் தெரியும், நீல டிக் காட்டிக் கொடுத்திருக்கும். கடையில் கூட்டம், நெட் வேலை செய்யவில்லை, கரண்ட் போய்விட்டது என்று போனில் நான் அடுக்கியதெல்லாம் சாக்கு. பதில் தெரியாமல் இல்லை. அதை ஒரு வரியில் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் தள்ளிப்போட்டேன். இதற்கு நடுவில் சுகந்தி வேறு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று பின்னாலேயே அலைந்தாள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது நம் கல்லூரியின் பழைய மாணவியர் சங்கச் செயலாளர். செய்தி மடலுக்கு "அன்றும் இன்றும் நம் வளாகத்தில் கலையும் விளையாட்டும்" என்று ஏதாவது வேண்டுமாம், இனிமையாக இருக்க வேண்டுமாம். அவள் கொடுத்த கெடுவும் போய்விட்டது. ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ கிளம்பிய பிறகு அவளுக்கும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் அப்படியே அனுப்பிவிடுவேன். இனிமை போதவில்லை என்றால் அவளே சர்க்கரை போட்டுக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை என்ன சங்கதி என்று குழுவில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்குத் திருச்சியில் பல்கலைக்கழக அணிக்குத் தடகளத் தேர்வு. என் மகள் மும்முறை தாண்டுகிறவள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதலாவதாக வந்தவள். தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே வியாழக்கிழமை நம் கல்லூரியில் ஆண்டு விழா. விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்து, பழைய சாதனையாளர் என்று பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். சுவரில் என் படம் வரைந்திருக்கிறார்கள், அதையும் அன்றைக்குத் திறந்து வைக்கிறார்கள். என் மகள் கல்லூரி வாசலில் பட்டுச் சேலை கட்டி, பன்னீர்ச் செம்போடு நின்று சிறப்பு விருந்தினரை வரவேற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் தேர்வை விட்டுவிட்டு நிற்கலாமா என்று யோசிக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இது: "ஒனக்கு மரியாதை செய்யுற அன்னிக்கு நான் இல்லாம எப்படிம்மா?"

அந்த மரியாதை எப்படிப்பட்டது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் போன செய்தி மடலை எடுத்துக்கொள். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊரில் பாதிப்பேருக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டிக் கொடுக்கிறவள் நான். படத்தை எங்கே வெட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மடலைக் கலரில் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். விருந்தினர் பலூன் பறக்கவிடுகிறார். விருந்தினர் வேட்டியை மடித்துக் கட்டாமலே குண்டு எறிதலைத் தொடங்கி வைக்கிறார். குண்டு அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடக்கிறது, சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கை தட்டுகிறார்கள். நான்காவது படத்தில் விருந்தினருக்குச் சந்தனம் கொடுக்கிற ஒரு கை மட்டும் இருக்கிறது. முழங்கையோடு வெட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு இருந்ததால் அது என் மகளின் கை என்று கண்டுபிடித்தேன். பெற்றவள் பார்த்தால்தான் தெரியும் என்கிற மாதிரிப் படம். சரி, நீ ஜெயித்த செய்தி எங்கே என்று தேடினேன். கோலப் போட்டிக்குக் கீழே, பாதாம் பால் விநியோகித்தவருக்கு நன்றி சொல்வதற்கு மேலே, ஒரு வரி இருந்தது: "தடகளப் போட்டிகளிலும் நம் மாணவியர் கலந்துகொண்டு சிறப்பித்தனர்." பேர் இல்லை. முதல் இடம் என்று இல்லை. நம் கல்லூரியில் யாரும் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை, எல்லாரும் கலந்துகொண்டு சிறப்பிக்கிறார்கள். எல்லாம் இனிதே நடந்தேறுகிறது. அந்த "இனிதே"யைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் வாயில் பன்னீர் கசக்கிறது.

அதே மடலின் கடைசிப் பக்கத்தில்தான் சுவர்ப் படம். மைதானத்துச் சுற்றுச்சுவரில், நெடுஞ்சாலையைப் பார்த்த பக்கம், நான் தாண்டிக்கொண்டிருக்கிறேன். பச்சைப் பட்டுச் சேலை, அரக்குக் கரை. தலை நிறைய மல்லிகைப்பூ. நெற்றியில் பொட்டு, காதில் ஜிமிக்கி. முந்தானை எதிர்க்காற்றில் கொடி மாதிரிப் பறக்கிறது. கீழே "மாநில வீராங்கனை, நீளம் தாண்டுதல்" என்று எழுதி என் பேர். விராலிமலைப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் மொட்டைமாடியில் காயப்போட்ட சேலையைப் பிடிக்க ஒரு பொம்பளை குதிக்கிற மாதிரித்தான் தெரியும். சுகந்தியே போன் பண்ணினாள்.

"படத்தப் பாத்தியாடி? ஒன் முகம் அப்படியே இருக்குல்ல?"

முகம் இருக்கட்டும், நான் எந்தக் காலத்தில் சேலையில் தாண்டினேன் என்று கேட்டேன்.

"சொவரு ரோட்டப் பாத்து இருக்குடி. நாலு பேரு போற வார எடம். பேன்ட்டோட வரஞ்சா நல்லாவா இருக்கும்? சேலைன்னா ஒரு மரியாதை இருக்குல்ல."

"சேலைல தாண்டிருந்தா குழில இல்லடி, ஆஸ்பத்திரிலதான் விழுந்திருப்பேன்."

அவள் சிரித்தாள். நான் எப்போதும் தமாஷாகப் பேசுகிறவளாம். சங்கக் கமிட்டியில் எல்லாருக்கும் சேலைதான் பிடித்திருந்தது என்றாள். நீளம் தாண்டுதலைப் பற்றி முடிவெடுத்த அந்தக் கமிட்டியில் ஒரு சாக்கடையையாவது தாண்டியவர்கள் யாரும் இல்லை. எனக்குத் தெரியும், அத்தனை பேரும் என்னோடு படித்தவர்கள்தான். விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வெயிலில் நிறம் போய்விடும்டி என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள். அவர்கள் இன்றைக்கு வளாக விளையாட்டைப் பற்றிச் செய்தி வெளியிடுகிறார்கள்.

வரைந்த பெண்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ரம்யா உன் அறைத்தோழி என்பதால் சொல்லவில்லை. படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். அந்தக் கைவிரல்களைப் பார், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது. தரையை விட்ட பிறகு விரல் அப்படித்தான் விரியும். தாண்டுகிறவளைப் பக்கத்தில் நின்று பார்த்தவளால்தான் அதை வரைய முடியும். உன்னைத்தான் பார்த்திருப்பாள். முதலில் நீல டிராக் பேன்ட், வெள்ளைக் கோடு, பனியன் என்று சரியாகத்தான் வரைந்தாளாம். கமிட்டி வந்து பார்த்துவிட்டு மாற்றச் சொன்னார்களாம். அவள் அழித்து வரையவில்லை, பேன்ட்டுக்கு மேலேயே சேலையைக் கட்டிவிட்டாள். நீதான் சொன்னாய், மழை பெய்து சுவர் நனைந்தால் பச்சைக்கு அடியில் நீலம் தெரிகிறது என்று. அதைக் கேட்டு நான் ரொம்ப நேரம் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாய், பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

நான் மாநிலப் போட்டிக்குப் போனதே இல்லை. இது உனக்குப் புதுச் செய்தி இல்லை. வீட்டில் நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் முழுசாகச் சொன்னதில்லை. கடைசி வருஷம். மண்டலப் போட்டியில் ஜெயித்து மாநிலத்துக்குத் தேர்வாகியிருந்தேன். மதுரையில் போட்டி. மத்தியானத்துக்குள் அங்கே போய்ப் பேர் பதிய வேண்டும். அன்றைக்கென்று பார்த்துக் கல்லூரியில் புதுக் கட்டடத் திறப்பு. வரவேற்புக்கு உயரமான பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். அது அப்போதிருந்தே இருக்கிற வழக்கம். விளையாடுகிற பிள்ளைகள் உயரமாக இருக்கும், முதுகை நேராக வைத்து நிற்கும், வெயிலில் மயங்கி விழாது. அதனால் வாசலில் நிறுத்த வசதி. எங்களுக்குத் தெரிந்த ஒரே பயிற்சி முகாம் அதுதான். விருந்தினர் காலையிலேயே வந்துவிடுவார், வந்ததும் நீ நேரே பஸ் ஏறிவிடலாம் என்று அப்போதிருந்த பி.டி. சார் சொன்னார். நான் நம்பினேன். பையை வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு, நீல டிராக் பேன்ட்டைப் போட்டு அதற்கு மேலேயே சேலையைக் கட்டிக்கொண்டேன். செம்பை வைத்ததும் சேலையை உருவிப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவதாகத் திட்டம்.

அவர் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். அதற்குள் தட்டில் இருந்த ரோஜா வதங்கி, வேறு மாற்றி, அதுவும் வதங்கிவிட்டது. மதுரைக்குப் போகிற பஸ்கள் என் கண் முன்னால் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் வாசலுக்கு நேரே வேகத்தைக் குறைக்கும், ஆள் கையைக் காட்டுகிறதா என்று பார்க்கும், போய்விடும். கையைக் காட்ட முடியாது, கையில் செம்பு. போயிருக்கலாம்தான். யாரும் கட்டிப்போடவில்லை. செம்பை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் சந்தனம், அதற்கடுத்தவள் கையில் கற்கண்டு. கடைசியில் கார் வந்தது. அவர் யாரோடோ பேசிக்கொண்டே இறங்கினார். நான் தெளித்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டுவிட்டது. கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் அபி. அதற்காகத்தான் நின்றேன். நான் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து பி.டி. சார் ஆறுதல் சொன்னார்: "விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." கடைசி வருஷத்துப் பிள்ளையிடம் சொன்னார். அன்றைக்கு அவர் கையில் இருந்த தட்டில் கேசரி இருந்தது. அந்தக் கேசரியின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

இப்போது புரிகிறதா நான் ஏன் சிரித்தேன் என்று? சேலைக்கு அடியில் நீலப் பேன்ட். ரம்யாவுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்தச் சுவரில் உள்ளது அத்தனையும் பொய்யாக இருக்கும்போது அந்த ஒன்று மட்டும் உண்மையாக விழுந்திருக்கிறது, அதுவும் மழை பெய்தால்தான் தெரிகிறது.

நான் மாநில வீராங்கனை ஆனது எப்படி என்றும் கேள். கல்லூரி ஆண்டு மலர் போட்டிக்கு முன்னாலேயே அச்சுக்குப் போய்விட்டது. தேர்வானவர்கள் பேரை வாங்கி, "மாநிலப் போட்டியில் கலந்துகொண்டு சிறப்பித்தார்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பது வழக்கம். நடக்கப் போகிறதை நடந்ததாக எழுதுவார்கள், நடந்ததை எழுதமாட்டார்கள். போகவில்லை என்று போய்ச் சொன்னேன். அச்சாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று என்னையே கேட்டார்கள், ஏதோ நான் மலரைக் கெடுத்துவிட்ட மாதிரி. பிறகு பழைய மாணவியர் சங்கம் வந்தது, செய்தி மடல் வந்தது. கலந்துகொண்டவள் ஒரு மடலில் பரிசு பெற்றவளானேன். இன்னொன்றில் பதக்கம் வந்தது. இப்போது சுவரில் மாநில வீராங்கனை. நான் கறம்பக்குடியில் ஆதார் அட்டையை லேமினேஷன் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அங்கே வரிசையாகப் பதவி உயர்வு நடந்திருக்கிறது. ஒருநாள்கூடப் பயிற்சி இல்லாமல் இவ்வளவு முன்னேறிய ஆட்டக்காரி உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

உன் அப்பா வீட்டார் வல்லத்திராக்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கப்பா காப்பி வருவதற்கு முன்னாலேயே அந்த ஆண்டு மலரைத்தான் கொண்டுவந்து வைத்தார். உன் பெரிய தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். பிறகு என் காலையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "தாண்டுற புள்ளைங்கிறீங்க. கால்கீல்ல அடிகிடி பட்ருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் பேசக்கூடாது என்று தெரிந்தும், "நான் மாநிலப் போட்டிக்கெல்லாம் போகலைங்க, புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க" என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் சம்பந்தம் முடிவானது. இவ்வளவு சாதித்தும் அடக்கமான பிள்ளை என்று உன் பெரிய தாத்தா ஊர் முழுக்கச் சொன்னார். அன்றோடு எனக்கு ஒன்று தெரிந்தது. அச்சில் வந்த பொய்யை வாயால் மறுத்தால் அது அடக்கம் ஆகிவிடும். உன் அப்பா மட்டும் வேறு மாதிரியா? சுவர்ப் படத்தைக் குவைத்தில் ரூமில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். நான் மறுபடியும் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எது எப்படியோ, சேலைல நல்லாத்தான் இருக்க" என்றார். அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. இந்த விஷயத்தில் என்னிடம் வஞ்சகமில்லாமல் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

சுவரை விடு. சுவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார். தாண்டுகுழி. அதில் இருந்த மணலை என்ன செய்தார்கள்? எங்கள் காலத்தில் செய்ததையேதான். விழாவுக்குக் கொடிக்கம்பம் நட, வாழைமரம் நிறுத்த, டிரம்மில் நிரப்ப மணல் வேண்டும். கிட்டத்தில் எங்கே இருக்கிறது? குழியில் இருக்கிறது. அள்ளிக்கொண்டு போவார்கள். விழா முடிந்து வாழைமரம் ஆட்டுக்குப் போகும், மணல் குழிக்குத் திரும்பாது. தாண்டுகிறவளின் படத்தைச் சுவரில் எழுதிவிட்டு அவள் விழ வேண்டிய மணலை அள்ளி விருந்தினருக்கு அலங்காரம் செய்கிற ஊர் இது. நீ அந்தக் கட்டாந்தரையில் தாண்டித்தான் குதிகால் வீங்கி ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டு வந்தாய். கேட்டதற்கு, "இல்லம்மா, செருப்பு கடிச்சிருச்சு" என்றாய். நான் தாண்டினவள், என்னிடமே சொல்கிறாய். அன்றைக்கு ராத்திரி உன் காலுக்கு ஐஸ் வைக்கும்போது நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன், நீ உடனே விளையாட்டையே விடுகிறேன் என்று எனக்காகச் சொல்லியிருப்பாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

ஆமாம், பயம்தான். இதுவரைக்கும் எழுதியதைப் படித்துவிட்டு அம்மா ரொம்பத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடாதே. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். நீ சின்ன வயதில் வாய்க்காலைத் தாண்டினபோது கரையில் நின்று கத்தினவள் நான். பள்ளிக்கூடப் போட்டியில் நீ ஓடிவரும்போது வெயிலாக இருக்கிறதே என்று குடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான். இப்போதும் உன் முட்டி என்ன ஆகும், தேர்வில் எடுக்காவிட்டால் நீ எப்படித் தாங்குவாய், எடுத்துவிட்டால் எந்த ஊருக்கு எல்லாம் தனியாகப் போவாய் என்று விடிய விடிய நினைக்கிறேன். உன் பி.டி. மேடத்துக்கும் பயப்படுகிறேன். "மேடம் மனசு வச்சாத்தாம்மா அடுத்த வருஷம் டீம்ல இருக்க முடியும்" என்று நீ மெதுவாகச் சொன்னாயே, அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த மேடத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். அவரும் ஒரு காலத்தில் வளையப்பந்து ஆடினவர் என்கிறாய். இன்றைக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷாமியானாவுக்கு நாற்காலி எண்ணுகிறார். எந்தப் பெண்ணுக்கு எந்த நிறச் சேலை என்று அவர்தான் குறித்துக் கொடுக்கிறார். உன் தகுதிச் சான்றில் அவரே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரே போகாதே என்கிறார். அவரிடம் போய் "நான் தேர்வுக்குப் போகிறேன் மேடம்" என்று நீ சொன்னால் என்ன செய்வார்? முகத்தைத் தூக்கி வைப்பார். அவ்வளவுதான். ஒருவர் முகத்தைத் தூக்கிவைப்பதற்குப் பயந்து பொம்பளைப் பிள்ளைகள் எத்தனை பஸ்ஸைத்தான் விடுவது?

நேற்றுதான் ஒரு முடிவுக்கு வந்து சுகந்திக்குப் போன் பண்ணினேன். என் மகள் வியாழக்கிழமை வரமாட்டாள், அவளுக்குத் திருச்சியில் வேலை இருக்கிறது என்றேன். அவள் பதறினாள். விருந்தினர் வரும்போது வாசலில் ஆள் குறைந்தால் நன்றாக இருக்காது, உயரமான பிள்ளை வேறு யாரும் இல்லை, கடைசி நேரத்தில் இப்படிச் சொல்கிறாயே என்றாள். நான் சொன்னேன்: "ஒங்களுக்கு ஒசரமா ஒரு ஆளு வேணும், அம்புட்டுதானே? நான் நிக்கிறேன்."

"ஒனக்கு மேடைல சேரு போட்டாச்சுடி. ஒனக்குத்தான் பொன்னாடை. நீ போயி கேட்டுல செம்போட நிக்கிறேங்கிற. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

பழக்கமான இடம்தான், நன்றாக நிற்பேன் என்றேன். பிறகு தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்.

"அதுக்கில்லடி. நம்ம வயசு ஆளு நின்னா போட்டோல நல்லாருக்காது."

"எப்படியும் முழங்கையோட வெட்டிருவீங்கல்ல. கை நல்லாத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வியாழக்கிழமை காலையில் கறம்பக்குடியிலிருந்து கிளம்பி வந்துவிடுவேன். சேலைதான் கட்டி வருவேன். அன்றைக்கு மாதிரி அடியில் டிராக் பேன்ட் தேவையில்லை, நான் எங்கும் ஓட வேண்டியதில்லை. வாசலில் செம்போடு நிற்பேன். விருந்தினர் எப்போது வந்தாலும் நிற்பேன், பகல் முழுக்க நிற்பேன், எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை. அவர் இறங்கியதும் பன்னீர் தெளிப்பேன், கண்ணாடியில் படாமல். பிறகு அவரிடம் ஒன்று சொல்வேன். "ஐயா, சொவத்துல நீங்க தெறக்கப் போற படத்துல இருக்குறவ நான்தாங்க. மாநிலப் போட்டி நடந்தப்பவும் இதே எடத்துலதாங்க நின்னேன்." அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றுமில்லை. அவரும் என்னை அடக்கமானவள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம். சொல்லட்டும். மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கும். அதற்குக்கூட யாராவது பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து மடலில் போடுவார்கள், இனிதே நடந்தேறியது என்று.

எனக்கு மரியாதை செய்கிற அன்றைக்கு நீ இல்லாமல் எப்படி என்று கேட்டாயே. நீ அங்கே இல்லாமல் இருப்பதுதான் மரியாதை. எனக்கு இதைவிட விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. நீ வாசலில் நின்றால் நான் மேடையில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், என்னையே பார்க்கிற மாதிரி. என்னால் முடியாது. அணியில் உன்னை எடுக்காமல் போகலாம். தவறாக மிதித்து மூன்று வாய்ப்பும் வீணாகலாம். உன்னைவிட நன்றாகத் தாண்டுகிற பிள்ளைகள் நாலு பேர் வந்திருக்கலாம். வந்திருந்தால் அவர்களைப் பார்த்துவிட்டு வா, என்னிடம் வந்து சொல். தோற்றேன் என்று சொல்கிற பாக்கியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை, எங்கே போனாலும் நான் ஜெயித்துவிட்டேன் என்கிறார்கள். உனக்காவது ஒரு நிஜமான தோல்வி இருக்கட்டும். இல்லை, நிஜமான அளவு ஒன்று இருக்கட்டும், டேப் வைத்து அளந்தது, நடுவர் வாய்விட்டுச் சொன்னது. அதை எந்தக் கமிட்டியும் சேலை கட்டி மாற்ற முடியாது.

ஸ்பைக் ஷூவைக் கழுவிக் காயவைத்து உன் பெரிய பையின் அடியில் வைத்துவிட்டேன், போன ஞாயிற்றுக்கிழமையே. நீ பார்த்திருக்கமாட்டாய். குதிகாலுக்கு ரப்பர் பட்டை மேல் ஜிப்பில் இருக்கிறது. தகுதிச் சான்றை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து அதே ஜிப்பில் வைத்திருக்கிறேன், அசலை மடிக்காதே. காலையில் இட்லி சாப்பிடு, பூரி வேண்டாம். ஹாஸ்டல் வாசல் வழியாகப் போகாதே, அங்கேதான் சேலையோடு மேடம் நிற்பார். மெஸ் பக்கத்துச் சின்னக் கேட்டு வழியாக ரோட்டுக்கு வந்துவிடு. திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. அதற்குப் பிறகு போனை எடுக்காதே. மேடம் கூப்பிடுவார், சுகந்தி ஆன்ட்டி கூப்பிடுவாள், அப்பா குவைத்திலிருந்து வீடியோ கால் போடுவார். வாசலில் நிற்கும்போது எனக்கே பயம் வந்து, மரியாதையாகத் திரும்பி வந்துவிடு பாப்பா என்று சொல்வதற்காக நானும் கூப்பிடுவேன்.

நான் கூப்பிட்டாலும் எடுக்காதே.

அம்மா